பீர் நொதிக்கும் ஃபிரிட்ஜுக்கு நாமே டெம்பரேச்சர் கன்ட்ரோலர் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் இருக்கும் ஒருவர் வீட்டில் 20 லிட்டர் அளவில் பீர் காய்ச்சுகிறார். கராஜில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று சும்மா நிற்கிறது. அதற்குள் பீர் நொதிக்கும் பாத்திரமான ஃபெர்மென்டரை வைத்து வெப்பநிலையைப் பிடித்துவைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கன்ட்ரோலரை வாங்குவதா, ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு வைத்துத் தானே செய்வதா? செய்வதென்றால் பிஐடி (இலக்குக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திருத்தும் கணக்கு) தேவையா, மின்சாரத்தைப் போட்டு அணைக்க என்ன ரிலே போடுவது, சென்சாரை எங்கே வைப்பது?

முதலில் வாங்குவதா செய்வதா என்பதை முடித்துவிடுவோம். வருடத்துக்கு நாலைந்து முறை ஏல் (அறை வெப்பநிலையை ஒட்டி நொதிக்கும் பீர்) மட்டும் காய்ச்சுபவர் என்றால் வாங்கிவிடுங்கள். இன்க்பேர்ட் ஐடிசி-308 போன்ற ஒன்றில் சூட்டுக்கு ஒரு சாக்கெட், குளிருக்கு ஒரு சாக்கெட் இருக்கும். ஃபிரிட்ஜை ஒன்றிலும் ஹீட்டரை இன்னொன்றிலும் சொருகினால் வேலை முடிந்தது. வயரிங் தெரிந்தவர்கள் அதைவிட மலிவான எஸ்டிசி-1000ஐ ஒரு பெட்டிக்குள் பொருத்திக்கொள்வார்கள். இரண்டிலும் சென்சார் ஒன்றுதான். ஏலுக்கு அது போதும்.

நாமே செய்வதில் லாபம் எப்போது? லாகர் (குளிரில் நொதிக்கும் பீர்) காய்ச்சும்போது, முதல் மூன்று நாள் இவ்வளவு, அப்புறம் மெதுவாக ஏற்று, கடைசியில் குளிரவை என்று நாள் கணக்கில் திட்டம் ஓட வேண்டும்போது, கிராஃப் பார்க்க ஆசை இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு சென்சார் வேண்டும்போது. அந்த இரண்டாவது சென்சார்தான் இந்தப் பதிலின் மையம். போர்டு எது, லைப்ரரி எது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். செய்து பார்க்கும் ஆசைக்காகவே செய்கிறேன் என்றால் அதுவும் நல்ல காரணம்தான், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு பாடு? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பம் வெளியாகிறது. ஒரு கிலோ சர்க்கரைக்கு 600 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். 1.048 அடர்த்தியில் தொடங்கி 1.012இல் முடியும் 20 லிட்டர் வோர்ட்டில் (நொதிக்கும் முன் இருக்கும் மால்ட் சாறு, மால்ட் என்பது முளைகட்டிய பார்லி) ஏறத்தாழ 1.6 கிலோ சர்க்கரை தீர்ந்துபோகும். கணக்குப் போட்டால் 900 கிலோஜூலுக்கு மேல். அவ்வளவு திரவத்தை ஒரு டிகிரி ஏற்ற 84 கிலோஜூல் போதும். அதாவது வெப்பம் துளிகூட வெளியே போகாவிட்டால் பீர் 11 டிகிரி தானாகவே ஏறிவிடும். நிஜத்தில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது என்றாலும், நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது அறையைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். அறை 20 டிகிரிதானே என்று நிம்மதியாக இருப்பவரின் பக்கெட்டுக்குள் 24, 25 ஓடிக்கொண்டிருக்கும். ஏல் ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கு அது அதிகம். ஃபியூசல் ஆல்கஹால்கள் என்ற கனமான ஆல்கஹால்கள் கூடி, குடித்தால் நெஞ்சில் காரமாக இறங்கும். பழவாசனை தரும் எஸ்டர்களும் எல்லை மீறும். (நார்வேயின் க்வைக் ஈஸ்ட் 35 டிகிரிக்கு மேலும் சந்தோஷமாக வேலை செய்யும். அதை மட்டுமே பயன்படுத்துகிறவருக்கு இந்தப் பதிலே தேவையில்லை, ஒரு போர்வை போதும்.)

இது பழைய பிரச்சினை. பவேரியாவில் 1553இல் ஒரு ஆணை போட்டார்கள்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது, ஆகவே கோடையையே தடை செய்துவிட்டார்கள். கன்ட்ரோலர் இல்லாத காலத்துக் கன்ட்ரோலர் அது. 1870களில் கார்ல் ஃபான் லிண்டே தன் குளிரூட்டும் இயந்திரத்தை மியூனிக்கின் ஷ்பாட்டன் ப்ரூவரியில் வைத்துப் பார்த்த பிறகுதான் வருடம் முழுக்க லாகர் காய்ச்சுவது நடைமுறைக்கு வந்தது. உங்கள் கராஜ் ஃபிரிட்ஜ் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, இரண்டு சென்சார் விஷயத்துக்கு வருகிறேன். ஃபிரிட்ஜுக்குள் இரண்டு வெப்பநிலைகள் இருக்கின்றன: காற்றுடையது, பீருடையது. காற்று நிமிடங்களில் மாறும். பீர் மணிக்கணக்கில் மாறும். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டின் பக்கவாட்டு வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 2 வாட் வெப்பம் கடக்கும் என்று வைத்தால், 20 லிட்டர் பீர் தன் சுற்றுப்புறத்தை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் நகர்வதற்கே 12 மணி நேரம் ஆகும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதி முடிவுகள் எல்லாம் தானாக வந்துவிடும்.

சென்சாரைக் காற்றில் மட்டும் தொங்கவிட்டால் என்ன ஆகும்? காற்று அழகாக 19இல் நிற்கும். கிராஃப் பார்க்க நேர்கோடு மாதிரி இருக்கும். பீர் 23இல் இருக்கும். சென்சாரைப் பீரில் மட்டும் வைத்தால்? பீர் 19.5 தொட்டதும் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும். காற்று மூன்று, நான்கு டிகிரிக்கு இறங்கிவிடும், பின்சுவர் தட்டு உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஆனால் பீர் அப்போதுதான் 19.4 என்று காட்டும். 19க்கு வந்து கம்ப்ரஸர் நிற்கும்போது உள்ளே சேர்ந்திருக்கும் குளிர் நிற்காது, பீரைத் தொடர்ந்து கீழே இழுக்கும். 18.5க்குக் கீழே போனதும் ஹீட்டர் எரியும். அப்புறம் அது மேலே தள்ளும். இரண்டும் மாறி மாறிக் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும். கரன்ட் பில்லும் ஏறும், கம்ப்ரஸரும் தேயும். பீரின் ஊசலாட்டம் ஒரு டிகிரிக்குள் இருக்கும் என்பதால் ஏலுக்கு இது பெரிய குற்றமில்லை. மேலே ‘வாங்கிவிடுங்கள்’ என்று சொன்னது அதனால்தான்.

ஒழுங்கான வழி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கட்டுப்பாட்டு வளையங்கள். வெளி வளையம் பீரைப் பார்த்து, ‘காற்று எவ்வளவு இருக்க வேண்டும்’ என்று முடிவு செய்கிறது. உள் வளையம் காற்றைப் பார்த்து, கம்ப்ரஸரையோ ஹீட்டரையோ போடுகிறது. நெதர்லாந்தில் தொடங்கிய ப்ரூபை என்ற திறந்தமூலத் திட்டம் இந்த முறையை வீட்டு ப்ரூவர்களிடம் பரப்பியது. கருத்தைப் புரிந்துகொண்டால் நாமே எழுதுவது கடினமில்லை.

வெளி வளையத்தின் கணக்கு ஒரே வரி: காற்றின் இலக்கு = பீரின் இலக்கு + 5 × (பீரின் இலக்கு − பீரின் இப்போதைய வெப்பநிலை). பீர் 19இல் இருக்க வேண்டும், இப்போது 19.6 என்றால் காற்றுக்கு 16. பீர் 18.9 என்றால் காற்றுக்கு 19.5. பீர் இலக்கை நெருங்க நெருங்கக் காற்றும் தானாக அதை நோக்கி வந்துவிடுகிறது, அதனால் தாண்டிப் போவது குறைகிறது. ஏல் நொதிக்கும் நாட்களில் காற்றின் இலக்கு 5 டிகிரிக்குக் கீழேயோ 28க்கு மேலேயோ போகாமல் எல்லை கட்டிவிடுங்கள் (கடைசியில் குளிரவைக்கும்போது மட்டும் கீழ் எல்லையை இறக்கிக்கொள்ளலாம்).

இதில் ஒரு சிறு மிச்சம் இருக்கும். நொதித்தல் உச்சத்தில் பீர் 8 வாட் வெளியிடுகிறது என்று வையுங்கள். அதை அப்படியே வெளியேற்றக் காற்று 4 டிகிரி கீழே இருக்க வேண்டும். அந்த 4 டிகிரி வர, மேலே சொன்ன கணக்கின்படி பீர் இலக்கைவிட அரை டிகிரிக்குச் சற்றுமேல் கூடுதலாக நின்றாக வேண்டும். அந்த மிச்சத்தைத் துடைக்கத்தான் பிஐடியின் நடு எழுத்தான இன்டெக்ரல்: அது வித்தியாசத்தை நேரத்தோடு சேர்த்துக்கொண்டே போய்த் திருத்தும். என் கருத்தைக் கேட்டால், ஏல் காய்ச்சுபவர் அதைப் போடாமலே இருக்கலாம். அரை டிகிரியை நாக்கு கண்டுபிடிக்காது. போடுவதென்றால் மிகச் சிறியதாகப் போடுங்கள். காற்று எல்லையில் முட்டிக்கொண்டிருக்கும்போதும், இலக்கை நீங்கள் மாற்றிய முதல் சில மணி நேரமும் அது சேராமல் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் 19இலிருந்து 3க்கு இறக்கும் நேரமெல்லாம் அது சேர்ந்து, பீரை இலக்குக்கும் கீழே இழுத்துவிடும். மூன்றாவது எழுத்தான, மாற்றத்தின் வேகத்தைப் பார்க்கும் டெரிவேடிவ் வேண்டவே வேண்டாம். சென்சார் 0.0625 டிகிரிப் படிகளில்தான் அளக்கிறது, அந்தப் படிகளையே அது ‘திடீர் மாற்றம்’ என்று நினைத்துக் குதிக்கும்.

இன்னொன்று. பிஐடி லைப்ரரியை நேராகக் கம்ப்ரஸர் ரிலேயில் கட்டாதீர்கள். மால்ட் ஊறும் மாஷ் நீரை 66 டிகிரியில் வைக்கும் மின்சாரக் கெட்டிலுக்கு அது பொருந்தும். அங்கே ஒவ்வொரு இரண்டு விநாடியிலும் ஹீட்டரை இத்தனை சதவீத நேரம் போடு, மீதி நேரம் அணை என்று ஆட்டலாம். கம்ப்ரஸரை அப்படி ஆட்டினால் செத்துப்போகும்.

ஏன் சாகும்? நின்ற கம்ப்ரஸரின் ஒரு பக்கத்தில் உயர் அழுத்த வாயு, மறுபக்கத்தில் தாழ் அழுத்தம். இரண்டும் மெல்லிய குழாய் வழியாகச் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்கு முன் மறுபடி போட்டால் மோட்டாரால் சுழல முடியாது. அப்படியே நின்று பெரும் மின்சாரத்தை இழுத்துச் சூடாகும். உள்ளே இருக்கும் ஓவர்லோட் காப்பு சில முறை காப்பாற்றும், எப்போதும் அல்ல. அதனால் விதிகள்: நின்றால் குறைந்தது 5 நிமிடம் ஓய்வு. ஓடினால் குறைந்தது 3 நிமிடம் ஓட்டம். குளிரிலிருந்து சூட்டுக்கோ சூட்டிலிருந்து குளிருக்கோ மாற இடையில் 10 நிமிடம் சும்மா இருத்தல். பலரும் விட்டுவிடும் நான்காவது விதி: போர்டுக்கு மின்சாரம் வந்து உயிர்பெற்றதும் முதல் 5 நிமிடம் கம்ப்ரஸரைத் தொடக் கூடாது. கரன்ட் போய் உடனே வந்ததா, புரோகிராம் தடுமாறி ரீசெட் ஆனதா, கம்ப்ரஸர் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்பது புதிதாக எழுந்த போர்டுக்குத் தெரியாது. வைஃபை கிடைக்காமல் ஒவ்வொரு நிமிடமும் ரீசெட் ஆகும் ஒரு போர்டு, இந்த விதி இல்லாவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் கம்ப்ரஸரை உதைக்கும்.

நேரம் கணக்கிடும்போது ஒரு சின்னப் பொறி உண்டு. ஆர்டுயினோ என்ற புரோகிராம் முறையில் ஓடும் மில்லிவிநாடிக் கணக்கு 49 நாள் 17 மணி நேரத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ‘இப்போதைய நேரம் கழித்தல் நிறுத்திய நேரம்’ என்று கழித்துப் பார்த்தால் சிக்கலில்லை. ‘இந்த நேரம் வந்ததும் தொடங்கு’ என்று கூட்டி வைத்தால் லாகர் பாதியில் இருக்கும்போது கன்ட்ரோலர் உறைந்து நிற்கும்.

உள் வளையத்துக்குச் சாதாரண ஆன்-ஆஃப் போதும். காற்று தன் இலக்கைவிட ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரஸர், ஒரு டிகிரி இறங்கினால் ஹீட்டர், நடுவில் ஒன்றுமில்லை. வெளி வளையத்தை நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டினால் போதும். 12 மணி நேரத்தில் நகரும் பீரை விநாடிக்கு விநாடி பார்த்து ஆவதொன்றுமில்லை.

ஃபிரிட்ஜ் தேர்வு. ஃப்ரீசர் அறை இல்லாத, திருகு வைத்த பழைய தெர்மோஸ்டாட் உள்ள ஃபிரிட்ஜ்தான் நல்லது. திருகை அதிகக் குளிருக்குத் திருப்பி வைத்துவிட்டு, ப்ளக்குக்கு வரும் மின்சாரத்தை நம் கன்ட்ரோலர் போட்டு அணைக்கும். ஃபிரிட்ஜைத் திறந்து எதையும் வெட்ட வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரஸரும் டிஜிட்டல் பேனலும் உள்ள புது ஃபிரிட்ஜ்கள் இதற்குச் சரிவராது. மின்சாரம் திரும்பியதும் அவை தம் இஷ்டப்படி காத்திருக்கும், நாம் வைத்த அமைப்பை மறந்தும் போகலாம். நோ-ஃப்ராஸ்ட் வகையில் பனி உருக்கும் சுழற்சி குழம்பிவிடும். வயரை உள்ளே கொண்டுபோகச் சுவரில் துளை போடாதீர்கள். பல ஃபிரிட்ஜ்களில் குளிர்க்குழாய்கள் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன, ஐரோப்பாவின் வீட்டு ஃபிரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. மெல்லிய வயரைக் கதவு ரப்பர் வழியாகவே விடுங்கள், ரப்பர் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும்.

சென்சாருக்கு டிஎஸ்18பி20 தான், ஸ்டீல் குழலில் அடைத்து வருவது. மூன்று வயர், 3.3 வோல்ட், தரவு வயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு என்பதால் இரண்டையும் ஒரே பின்னில் இணைக்கலாம். ஆனால் எந்த முகவரி பீர், எது காற்று என்று முதலிலேயே பதிந்து வையுங்கள். ‘முதலில் கண்டது பீர்’ என்று எழுதினால் என்றாவது ஒரு சென்சாரை மாற்றும்போது இரண்டும் இடம் மாறிவிடும். துல்லியம் அரை டிகிரி என்கிறது தயாரிப்பாளர் தாள். சந்தையில் போலிகள் மலிந்து கிடப்பதால் சோதித்துவிடுவது நல்லது. பொடித்த ஐஸை ஒரு டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளியை நிரப்பும் அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கி, இரண்டு சென்சாரையும் சில நிமிடம் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வித்தியாசத்தைப் புரோகிராமில் கழித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை, இரண்டு டிகிரி தள்ளிக் காட்டும் சென்சாரைத் தூக்கிப் போடுங்கள்.

பீர் சென்சாரை எங்கே? மூடி வழியாக உள்ளே இறங்கும் ஸ்டீல் குழாயான தெர்மோவெல் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஃபெர்மென்டரின் வெளிச்சுவரில், திரவத்தின் பாதி உயரத்தில் ஒட்டி, மேலே இரண்டு விரல் தடிமனுக்கு ஃபோம் வைத்து இறுக்கிக் கட்டுங்கள். நொதிக்கும்போது குமிழிகள் கிளம்பி பீரைத் தாமே கலக்கிக்கொண்டிருப்பதால் உள்ளேயும் சுவரிலும் பெரிய வேறுபாடு இராது. ஃபோம் முக்கியம். அது இல்லாவிட்டால் பீர் சென்சார் பாதிக் காற்றையும் சேர்த்தே படிக்கும், இரண்டு வளையத்தின் பயனே போய்விடும். மூடியைத் திறந்து சென்சாரை வோர்ட்டுக்குள் நேராகப் போடுவோரும் உண்டு. வயர் வழியே கிருமி போகும் என்பதால் எனக்கு அது உவப்பில்லை. காற்று சென்சாரைப் பின்தட்டில் படாமல் நடுவெளியில் தொங்கவிடுங்கள். கூடவே கணினிக்குப் போடும் 12 வோல்ட் விசிறி ஒன்றை 5 வோல்ட்டில் மெதுவாக எப்போதும் ஓடவிட்டால் மேலும் கீழும் ஒரே காற்றாக இருக்கும்.

ரிலேதான் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம். நீல நிறச் சதுர ரிலேயின் தலையில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும், அது பல்பு, ஹீட்டர் போன்றவற்றுக்கான கணக்கு. ஃபிரிட்ஜ் ஓடும்போது ஒரு ஆம்பியர்கூட எடுக்காது, ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நாளடைவில் தொடுமுனைகள் பொரிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலே கம்ப்ரஸரை நிறுத்தவே நிறுத்தாது. புரோகிராம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். கம்ப்ரஸருக்கு 30 ஆம்பியர் வகை ரிலே போடுங்கள், விலை வித்தியாசம் ஒரு பைன்ட் பீருக்கும் குறைவு. ஹீட்டருக்கு அந்த நீல ரிலேயே போதும். அசையும் பாகமில்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயும் போடலாம், சத்தம் இருக்காது, தேயாது. ஆனால் அது பழுதானால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே பழுதாகும், அதனால் ஹீட்டருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈஎஸ்பி32 வைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 5 வோல்ட் ரிலே மாட்யூல்கள் பலவற்றில் உள்ளீடு கீழிறங்கினால்தான் ரிலே போடும். போர்டு ‘மேலே’ என்று கொடுப்பது 3.3 வோல்ட் மட்டுமே, 5க்கும் அதற்கும் உள்ள இடைவெளியிலேயே சில மாட்யூல்கள் அரைகுறையாக உயிர்பெற்று ரிலேயை விடாமல் பிடித்துக்கொள்ளும். மாட்யூலில் இருக்கும் ஜம்பரைக் கழற்றி, ரிலே சுருளுக்கு 5 வோல்ட்டும், சிக்னல் பக்கத்துக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டாவது, 0, 2, 5, 12, 15 எண்ணுள்ள பின்களில் ரிலேயைக் கட்டாதீர்கள். போர்டு விழிக்கும்போது அவை வேறு வேலை செய்கின்றன, ஒவ்வொரு ரீசெட்டிலும் ரிலே ஒரு முறை ‘டிக்’ என்று அடிக்கும். 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டும். அவற்றில் ரிலே ஓடவே ஓடாது.

230 வோல்ட் விஷயத்தில் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்கிறேன். போர்டுக்கு மின்சாரம் தர நல்ல ஃபோன் சார்ஜர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். மெயின்ஸிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் வெற்று மாட்யூலை நீங்களே சால்டர் செய்ய வேண்டாம். ரிலே வெட்டுவது லைவ் வயரை மட்டும். நியூட்ரலும் எர்த்தும் இரண்டு சாக்கெட்டுக்கும் நேராகப் போக வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், மூடிய பெட்டி, வயர் நுழையும் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட், சென்சார் பக்கமும் மெயின்ஸ் பக்கமும் தடுப்புப் போட்டுத் தனித்தனியாக. பெட்டி ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே ஈரம் எப்போதும் இருக்கும். கராஜ் சாக்கெட்டுக்கு ஆர்சிடி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ப்ளக்கில் சொருகும் ஆர்சிடி வாங்குங்கள். இதைப் படிக்கும்போதே கை நடுங்குகிறது என்றால் மெயின்ஸைத் தொடவே வேண்டாம்: வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கட்டளை கேட்கும் வைஃபை ஸ்மார்ட் ப்ளக் இரண்டு வாங்கி, ஈஎஸ்பி32 அவற்றுக்கு ஆணை கொடுக்கட்டும். ப்ளக்கில் ஆட்டோ-ஆஃப் டைமரைப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். ஓட வேண்டியதிருந்தால் கன்ட்ரோலர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘ஆன்’ என்று மறுபடி சொல்லும். கன்ட்ரோலர் செத்தால் ப்ளக் தானே அணைந்துவிடும்.

ஹீட்டர் சிறியதாக இருப்பதே பாதுகாப்பு. ஃபிரிட்ஜ் நன்றாகக் காப்பிடப்பட்ட பெட்டி. 30 வாட் கொடுத்தாலே வெளியைவிட 15, 20 டிகிரி மேலே கொண்டுபோய்விடும். பக்கெட்டைச் சுற்றும் ஹீட் பெல்ட் ஒன்று போதுமானது, 40 வாட் குழாய் ஹீட்டரும் சரி. ஜனவரியில் கராஜ் 5 டிகிரியில் இருக்கும்போதும் 20ஐப் பிடித்துவிடலாம். 200 வாட் போட்டால் சீக்கிரம் சூடாகுமே என்று தோன்றும். ரிலே ஒட்டிக்கொண்ட நாளில் உள்ளே அடுப்பாகிவிடும், ஈஸ்ட் சாவதோடு பிளாஸ்டிக்கும் இளகும். எதுவானாலும் ஹீட்டரோடு தொடராக ஒரு வெப்ப ஃப்யூஸ் போட்டுவிடுங்கள்.

புரோகிராமில் பிழைகளுக்கான பகுதியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதுங்கள். டிஎஸ்18பி20 துண்டிக்கப்பட்டால் வழக்கமான லைப்ரரி −127 என்று தரும். சென்சார் மின்சாரம் போய் வந்தால் முதல் அளவாக 85 வரும். −127ஐ நம்பும் கன்ட்ரோலர் ஹீட்டரை நாள் முழுக்க எரிக்கும், 85ஐ நம்புவது கம்ப்ரஸரை ஓட்டிக்கொண்டே இருக்கும். −5க்குக் கீழோ 45க்கு மேலோ வரும் எதையும் ஏற்காதீர்கள். ஒரு நிமிடம் தொடர்ந்து நல்ல அளவு வராவிட்டால் இரண்டு ரிலேயும் அணைந்து, எச்சரிக்கை வர வேண்டும். அணைந்த ஃபிரிட்ஜில் பீர் சில மணி நேரத்துக்குப் பெரிதாக மாறாது, அந்த 12 மணி நேரத் தாமதம் இங்கே நமக்குச் சாதகம். புரோகிராம் உறைந்தால் போர்டைத் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக் போடுங்கள். இலக்குகளை ஃப்ளாஷில் சேமியுங்கள், மாறும்போது மட்டும். நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் ஃப்ளாஷ் தேய்ந்துபோகும். வைஃபை கிராஃபுக்கும் போன் எச்சரிக்கைக்கும் மட்டுமே. ரவுட்டர் அணைந்தாலும் கட்டுப்பாடு போர்டுக்குள்ளேயே ஓட வேண்டும்.

கோட் எழுதவே விருப்பமில்லை என்றால், ஈஎஸ்பி32க்கான ஆயத்த மென்பொருளான ஈஎஸ்பிஹோம் பாருங்கள். அதன் தெர்மோஸ்டாட் பகுதியில் குறைந்தபட்ச ஓட்டம், குறைந்தபட்ச ஓய்வு எல்லாம் தயாராக இருக்கின்றன. வெளி வளையத்தை மட்டும் சில வரிகளில் நாம் சேர்த்தால் போதும்.

என்ன திட்டம் ஓட்டுவது? சாதாரண ஆங்கில ஏல் என்றால் 18இல் ஈஸ்ட் போட்டு, 19இல் மூன்று நாள், அப்புறம் ஒரு நாளில் 21க்கு ஏற்றி முடியும்வரை அங்கேயே. சுவையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த முதல் மூன்று நாள்தான். லாகர் என்றால் 11, 12இல் ஓட்டி, சர்க்கரை முக்கால் பங்கு தீர்ந்ததும் 15, 16க்கு ஏற்றுங்கள். வெண்ணெய் வாசனை தரும் டைஅசெட்டைலை ஈஸ்ட்டே திரும்பத் தின்றுவிடும். முடிந்ததும் தெளிய வைக்க 2, 3 டிகிரிக்கு இறக்கலாம். நாளுக்கு நாலைந்து டிகிரி வீதம் இறக்கினால் போதும். இறக்கும்போது ஃபெர்மென்டருக்குள் இருக்கும் வாயு சுருங்கி, மூடியில் வாயு வெளியேற வைத்த நீர்ப்பூட்டான ஏர்லாக்கின் நீரையும் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும், அதற்கு முன்னே ஏர்லாக்கை எடுத்துவிட்டு அடைத்துவிடுங்கள் அல்லது கார்பன் டை ஆக்ஸைடு நிரப்பிய பலூனை மாட்டுங்கள். மூடி உள்வாங்கும் அளவுக்கு மெல்லிய பக்கெட் என்றால் பலூன்தான் நல்லது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக. இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. அமெரிக்காவில் 1978இல் கையெழுத்தான சட்டம் கூட்டாட்சி அளவில் வழிவிட்டது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் வீட்டில் காய்ச்ச இடம் கொடுக்கவில்லை. ஆனால் இந்தப் பெட்டிக்குப் பீர்தான் வேண்டும் என்றில்லை. புளிக்கவைத்த தேநீரான கொம்புச்சாவை 25இல் வைக்கலாம். புளிக்கவைத்த சோயாவான டெம்பே 30இல் வளரும், பீரைப் போலவே பாதியில் தானே சூடேறும் என்பதால் இரண்டு சென்சார் அங்கேயும் உதவும். குளிர்நாட்டில் இட்லி மாவு பொங்காமல் கல்லாய்க் கிடப்பவர்கள் 30 டிகிரிக்கு வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் இந்தக் கன்ட்ரோலருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு மாவுக்காகத்தான்.

முதல் முறை பீரை வைத்துச் சோதிக்காதீர்கள். ஃபெர்மென்டரில் 20 லிட்டர் குழாய்த் தண்ணீர் பிடித்து, 19 என்று வைத்து, இரண்டு நாள் விடுங்கள். கிராஃபில் கம்ப்ரஸர் மணிக்கு மூன்று, நான்கு முறைக்கு மேல் தொடங்கினால் உள் வளையத்தின் ஒரு டிகிரியை ஒன்றரை ஆக்குங்கள். தண்ணீர் இலக்கைத் தாண்டித் தாண்டி அலைந்தால் வெளி வளையக் கணக்கில் இருக்கும் அந்த 5ஐ 3 ஆக்குங்கள். குளிரும் சூடும் ஒரே இரவில் மாறி மாறி வந்தால் இடைவெளி 10 நிமிடம் போதவில்லை, அரை மணியாக்குங்கள். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சென்சாராகக் கழற்றிப் பாருங்கள். இரண்டு ரிலேயும் ஒரு நிமிடத்தில் அணைய வேண்டும், போனுக்குச் செய்தி வர வேண்டும். வந்துவிட்டால் மால்ட் வாங்கலாம்.